டச்சு மொழி சமஸ்கிருதத்திலிருந்து பிறந்ததா?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வேலைக்காக நெதர்லாந்தின் ஐந்தோவன் நகருக்குப் போகப்போகிறீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்திருக்கிறது: பிதாவுக்கு டச்சில் ஃபாடர், மாதாவுக்கு மூடர் (தமிழில் எழுதினால் அப்படித்தான் வருகிறது, அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்), நாமத்துக்கு நாம், பாதைக்குப் பாட், தினத்துக்கு டாஹ், குருவுக்கு ஹூரூ. 'ஆகவே டச்சு சமஸ்கிருதத்தின் மகள்' என்று அது முடிகிறது. இது உண்மையா, உண்மை என்றால் பள்ளியில் படித்த சமஸ்கிருதம் டச்சு கற்க உதவுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: இரண்டு மொழிச் சொற்கள் ஒத்திருந்தால், எப்போது அதை உறவு என்று நம்பலாம்? அதற்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டும் சுலபம். நான் ஒப்பீட்டு மொழியியல் படித்தவன், சமஸ்கிருதம் கற்பித்தவன், டச்சுக்காரர்கள் நடுவில் பல வருடங்களாக வாழ்கிறவன். ஆனால் டச்சு மொழி ஆசிரியன் இல்லை. ஆகவே கடைசிக் கேள்விக்கான பதிலை ஒரு பழைய மாணவனின் யோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மகள் இல்லை. இரண்டும் ஒரே பாட்டனின் வழிவந்த பங்காளிகள். அந்தப் பாட்டன் மொழியைத் தொல் இந்தோ ஐரோப்பியம் என்கிறோம். அதில் எழுதப்பட்ட ஒரு வரிகூட நம்மிடம் இல்லை, பிள்ளைகளை ஒப்பிட்டுத்தான் அதை ஊகித்திருக்கிறார்கள். அப்படி ஒரு மொழி இருந்தது என்பதில் இன்று மொழியியலாளர்களிடையே சண்டை இல்லை. எங்கே பேசப்பட்டது, எப்போது பிரிந்தது என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது. கருங்கடலுக்கு வடக்கே இருந்த புல்வெளி என்பது பெரும்பான்மைக் கருத்து, அனத்தோலியா (இன்றைய துருக்கி) என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, 'மகள் இல்லை' என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? இதில் பலரும் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. உறவை நிரூபிப்பது ஒற்றுமை இல்லை, ஒழுங்கான வேற்றுமை. தமிழ் எழுத்தில் இதைக் காட்டுவது கொஞ்சம் சிரமம், ஏனென்றால் நமக்கு 'தானம்' என்பதில் வரும் அதிர்வுள்ள தகரத்துக்கும் 'தலை' என்பதில் வரும் அதிர்வில்லாத தகரத்துக்கும் ஒரே எழுத்து. காதால் கேட்டுக்கொள்ளுங்கள். சமஸ்கிருதத்தில் தானத்தின் தகரம் வரும் இடத்தில், டச்சில் அதிர்வில்லாத ஒலி வரும். த்வி என்றால் டச்சில் ட்வே, தச என்றால் டீன், தந்தம் என்றால் டான்ட். சமஸ்கிருதத்தில் 'கணபதி'யின் ககரம் வரும் இடத்தில் டச்சில் 'கல்'லின் ககரம் வரும். பசுவுக்கு அங்கே கோ, இங்கே கூ. நுகத்தடிக்கு அங்கே யுகம், இங்கே யுக். சமஸ்கிருதத்தில் 'பல்'லின் பகரம் வந்தால் டச்சில் உதடும் பல்லும் உரசும் ஒலி: பிதா ஃபாடர், பாதம் ஃபூட். இது ஒன்றிரண்டு சொற்களில் வரும் விபத்து இல்லை. நூற்றுக்கணக்கான சொற்களில் ஒரே மாதிரி வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க்கும், அவருக்குப் பின்னால் ஜெர்மனியின் யாக்கோப் கிரிமும் இந்த மாற்றத்தை வகைப்படுத்தினார்கள். கிரிம் விதி என்று பெயர் நிலைத்துவிட்டது. தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம்தான்.

ஆகவே நல்ல உறவுகள் பெரும்பாலும் பார்த்தவுடன் தெரியாது. நூறுக்குச் சமஸ்கிருதத்தில் சதம், டச்சில் ஹொன்டர்ட். நாய்க்குச் ச்வன் (நம் நிகண்டுகளில் வரும் சுவானம்), டச்சில் ஹொன்ட். கொம்புக்குச் ச்ருங்கம், டச்சில் ஹோர்ன். கண்ணுக்கு எந்த ஒற்றுமையும் இல்லை, ஆனால் மூன்றிலும் ஒரே பரிமாற்றம்: பாட்டன் மொழியின் ஒரு வகைக் ககரம், சமஸ்கிருதத்தில் சகரமாகவும் டச்சில் ஹகரமாகவும் போயிருக்கிறது. 'ஹொன்டர்ட்' என்பதன் பின்பாதி எண்ணிக்கையைக் குறிக்கும் வேறொரு பழைய ஜெர்மானியச் சொல் (டச்சு, ஆங்கிலம், ஜெர்மன் எல்லாம் சேர்ந்த கிளைக்கு ஜெர்மானியம் என்று பெயர்), முன்பாதிதான் சதத்தின் பங்காளி.

இதே விதி ஒரு வேடிக்கையும் காட்டுகிறது. இதயத்துக்குச் சமஸ்கிருதத்தில் ஹ்ருத், டச்சில் ஹார்ட். இரண்டிலும் ஹகரம், பட்டியல் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் விதிப்படி டச்சு ஹகரத்துக்கு எதிரே சமஸ்கிருதத்தில் சகரம் வந்திருக்க வேண்டும். சொற்கள் உறவுதான், ஆனால் அந்த இரண்டு ஹகரங்கள் ஒத்திருப்பது தற்செயல். சமஸ்கிருத ஹ்ருத்தின் முதல் ஒலி ஏதோ காரணத்தால் தடம் மாறிவிட்டது. ஒழுங்கான வடிவம் ஸ்ரத்தா என்ற சொல்லின் முன்பாதியில் பதுங்கி இருக்கிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. மனத்தை ஒன்றில் வைப்பது என்பதுதான் அதன் பழைய பொருள். நாம் 'சிரத்தையாகப் படி' என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, டச்சு இதயத்தின் நேர்ப் பங்காளி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

இப்போது உங்கள் பட்டியலை இதில் போட்டுப் பார்க்கலாம். பிதா, மாதா, நாமம் மூன்றும் தேறும். பாதையும் 'பாட்' என்ற சொல்லும் சந்தேகம். மிக அதிகமாக ஒத்திருப்பதே அதன் குற்றம்: பகரத்துக்குப் பகரம் வந்திருக்கிறது, உரசும் ஒலி வந்திருக்க வேண்டும். ஈரானிய மொழி பேசிய ஏதோ ஒரு கூட்டத்திடமிருந்து ஜெர்மானியர்கள் பிற்காலத்தில் கடன் வாங்கியிருக்கலாம் என்பது பலரும் சொல்லும் விளக்கம், ஆனால் முடிந்த வழக்கு இல்லை. தினமும் டாஹும் கண்டிப்பாக உறவு இல்லை. இரண்டும் அதிர்வுள்ள தகரத்தில் தொடங்குகின்றன, அதுவே எதிர்ச்சாட்சி. தினத்துக்கு டச்சு உறவு இருந்தால் அது அதிர்வில்லாத ஒலியில் தொடங்க வேண்டும். டாஹை எரித்தல் என்ற பொருள் கொண்ட சமஸ்கிருத 'தஹ்' வேரோடு, அதாவது நம் தகனத்தோடு, சேர்ப்பவர்கள் உண்டு. ஒலி ஒத்துவருகிறது (தஹ்ஹின் முதல் ஒலி முன்பு மூச்சு கலந்த தகரம், அதற்கு எதிரே டச்சில் அதிர்வுள்ள ஒலிதான் வரும்), 'எரிக்கும் வெயில் நேரம்' என்று பொருளையும் இழுத்துப் பொருத்தலாம். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். குரு–ஹூரூ சுத்தமான கடன், யோகா போல நேற்று வந்த விருந்தாளி. உறவுக் கணக்கில் சேராது.

இதுவரை சொன்னது உறவு உண்டு என்பதற்குச் சாட்சி. தாய்–மகள் உறவு இல்லை என்பதற்கான சாட்சி உயிரெழுத்துகளில் இருக்கிறது. பாட்டன் மொழியில் அ, எ, ஒ என்று மூன்று குறில்கள் தனித்தனியே இருந்தன. சமஸ்கிருதம் மூன்றையும் அகரமாக்கிவிட்டது. தேனுக்கு அங்கே மது, டச்சில் தேன் கள்ளுக்கு மேடெ, கிரேக்கத்தில் மெதூ. டச்சிலும் கிரேக்கத்திலும் எகர ஒலி. டச்சு சமஸ்கிருதத்திலிருந்து வந்திருந்தால், சமஸ்கிருதத்தில் ஏற்கெனவே தொலைந்துபோன எகரம், கிரேக்கத்தில் இருக்கும் அதே சொற்களில் எப்படித் திரும்ப முளைத்தது? 1870களில் இதற்கு இன்னும் உறுதியான ஆதாரம் கிடைத்தது. சமஸ்கிருதத்தில் 'பஞ்ச' போன்ற சொற்களில் ககரம் சகரமாக மாறியிருப்பது, அதன் பின்னால் முன்பு ஓர் எகரம் இருந்திருந்தால்தான் புரிகிறது. அதாவது சமஸ்கிருதமே தனக்கு முன்பு எகரம் இருந்ததற்குத் தடயம் வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு சமஸ்கிருதத்தைத் தாய் என்று சொல்லும் மொழியியலாளர் யாரும் இல்லை.

இதனால் சமஸ்கிருதத்துக்குக் குறைவு ஒன்றும் இல்லை, சொல்லப்போனால் டச்சின் உள்ளே இருக்கும் சில புதிர்களைத் தீர்த்ததே சமஸ்கிருதம்தான். டச்சில் 'இருந்தேன்' என்பதற்கு வாஸ், 'இருந்தோம்' என்பதற்கு வாரன். ஒருமையில் ஸகரம், பன்மையில் ரகரம். உறைதல் என்ற வினையும் அப்படித்தான்: நிகழ்காலத்தில் ஃப்ரீஸன், முடிந்த வடிவத்தில் ஹெஃப்ரோரன். ஏன் என்று டச்சுக்காரரைக் கேட்டால் தோளைக் குலுக்குவார். விடை வேதச் சொற்களின் ஸ்வரத்தில் இருக்கிறது. 'அறிவேன்' என்பதற்கு வேத மொழியில் வேத, அழுத்தம் முதல் அசையில். 'அறிவோம்' என்பதற்கு வித்ம, அழுத்தம் கடைசி அசையில். பழைய ஜெர்மானிய மொழியிலும் அழுத்தம் இப்படியே நகர்ந்தது. அழுத்தமான அசைக்கு அடுத்து வந்த ஸகரம் தப்பித்தது, மற்ற இடத்தில் அதிர்வு பெற்று ரகரமானது. பிறகு ஜெர்மானிய மொழிகள் அழுத்தத்தை முதல் அசைக்கே கொண்டுவந்துவிட்டன, காரணம் அழிந்து விளைவு மட்டும் தங்கியது. டென்மார்க்கின் கார்ல் வெர்னர் 1877இல் இதை வெளியிட்டார். இந்த வாஸ் என்ற வினைக்குச் சமஸ்கிருதப் பங்காளி எது தெரியுமா? வஸ், தங்குதல். நம் வாசம், வசிப்பு எல்லாம் அந்த வேர்தான். 'வேத'வுக்கும் டச்சில் பங்காளி உண்டு: 'எனக்குத் தெரியும்' என்பதற்கு இக் வேட்.

வேர்கள் விஷயத்தில் எனக்குப் பிடித்தது கூடு. டச்சில் நெஸ்ட், சமஸ்கிருதத்தில் நீடம். இரண்டும் 'கீழே உட்காரும் இடம்' என்று பொருள்படும் ஒரே கூட்டுச்சொல்லிலிருந்து வந்தவை: நி என்றால் கீழே, ஸத் என்றால் உட்கார். உபநிஷத் என்ற சொல்லிலும் அதே நி, அதே ஸத். டச்சில் உட்காருவதற்கு ஸிட்டன். நெதர்லாந்து என்பதன் முதல் பாதியான நேடர், 'தாழ்வான' என்று பொருள்படும், அதே நி-யிலிருந்து கிளைத்தது. இதெல்லாம் உறுதியான பகுதி. பழைய டச்சின் மிகப் பிரபலமான வரி ஒன்று சுமார் 1100ஆம் ஆண்டை ஒட்டியது. இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு பழைய ஆங்கிலக் கையெழுத்துப் பிரதியில், இறகுப் பேனாவைச் சோதித்துப் பார்க்கும்போது யாரோ ஒரு துறவி கிறுக்கியது: எல்லாப் பறவைகளும் கூடு கட்டத் தொடங்கிவிட்டன, நீயும் நானும் தவிர, இன்னும் எதற்குக் காத்திருக்கிறோம் என்று கேட்கிறது அந்த வரி. அதில் கூட்டுக்கு நெஸ்தாஸ், நானுக்கு ஹிக், நீக்குத் து, நாமுக்கு வே, இப்போதுக்கு நு. எதிரே சமஸ்கிருதத்தை வையுங்கள்: நீடம், அஹம், த்வம், வயம், நு. அது டச்சுதானா, தென்கிழக்கு ஆங்கிலத்தின் ஒரு வழக்கா என்று சிலர் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலோர் மேற்கு ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியத்தில் டச்சு பேசும் பகுதி) துறவி என்றே கொள்கிறார்கள்.

'தாய்மொழி' ஆசை சமஸ்கிருதத்தோடு நிற்கவில்லை என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். 1569இல் ஆண்ட்வெர்ப் நகரத்து மருத்துவர் கொரோப்பியுஸ் பெக்கானுஸ், ஏதேன் தோட்டத்தில் ஆதாம் பேசியது டச்சு, அதுவும் தன் ஊர்ப்பக்கத்து டச்சு என்று ஒரு பெரிய நூலே எழுதினார். குறுகிய சொற்கள் கொண்ட மொழியே பழைய மொழி என்பது அவர் வாதம். சொல்லைப் பிய்த்துப் பொருள் காட்டும் அவர் முறை நம் முகநூலில் இன்றும் நன்றாக ஓடுகிறது. சமஸ்கிருதம் என்றும் தமிழ் என்றும் கதாநாயகன் பெயர் மட்டும் மாறும்.

இரண்டு மொழிகளும் வரலாற்றில் நேரிலேயே சந்தித்த இடம் நம் பழவேற்காடு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை அங்கே இருந்தது. 1632 முதல் பத்து வருடம் அங்கே போதகராக இருந்த ஆபிரகாம் ரோகேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரோடு பழகி, பர்த்ருஹரி என்ற பழைய சமஸ்கிருதக் கவிஞரின் நீதி, வைராக்கியப் பாடல்களை டச்சில் கொண்டுவந்தார். ரோகேரியுஸ் இறந்த பிறகு 1651இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் நூல் அச்சானது. சமஸ்கிருத இலக்கியம் அச்சில் ஏறிய முதல் ஐரோப்பிய மொழி அநேகமாக டச்சுதான். ரோகேரியுஸுக்குச் சமஸ்கிருதம் தெரியாது. பத்மநாபன் போர்ச்சுகீசிய மொழியில் விளக்க, இவர் டச்சில் எழுதினார். பர்த்ருஹரியின் நூறு காதல் பாடல்கள் மட்டும் விடுபட்டிருக்கிறது, போதகர் அல்லவா. இருவரும் அவ்வளவு நெருங்கி உட்கார்ந்தும் இரண்டு மொழிகளும் உறவு என்பது கண்ணில் படவில்லை. அதில் வியப்பில்லை, உறவு தெரிய மேலே சொன்னது போன்ற ஒலி மாற்ற அட்டவணை வேண்டும். 1865இல் லைடனில் முதல் சமஸ்கிருதப் பேராசிரியராக ஹென்ட்ரிக் கெர்ன் அமர்ந்த பிறகு டச்சுக்காரர்கள் இந்தத் துறையில் பெரிய கைகளானார்கள். (நமக்கு டச்சு தந்த சொற்களில் மிகப் புகழ்பெற்றது கக்கூஸ் என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.)

ஒற்றுமை இருந்தும் உறவால் வராதது ஒன்று உண்டு, அது உங்களுக்கு உண்மையிலேயே பயன்படும். டச்சில் சொல்லின் கடைசியில் அதிர்வுள்ள மெய் நிற்காது. நாய் என்ற சொல்லை எழுதும்போது கடைசியில் அதிர்வுள்ள எழுத்தைப் போடுவார்கள், சொல்லும்போது அதிர்வில்லாமல் ஹொன்ட் என்று முடிப்பார்கள். பன்மையில் ஹொன்டன் என்று உயிர் சேர்ந்ததும் அதிர்வு திரும்பிவிடும். சமஸ்கிருதத்தில் 'தத்' தனியே நின்றால் அதிர்வில்லை, 'ததேவ' என்று சேர்ந்தால் அதிர்வு வருகிறது, அதே கதைதான். கைக்குட்டைக்கு டச்சில் ஸாக், டூக் இரண்டும் சேர்ந்த ஒரு சொல். நடுவில் வரும் ககரத்தைக் கணபதியின் ககரமாக ஒலிக்கிறார்கள், வாக் என்பது தேவியோடு சேரும்போது வாக்தேவியில் நடப்பது போலவே. இத்தனைக்கும் டச்சில் அந்த ககரம் சொந்தச் சொற்களில் வேறெங்கும் கிடையாது, மற்ற இடத்தில் தொண்டையை உரசும் ஒலிதான். இது பாட்டன் சொத்து இல்லை. பக்கத்து வீட்டு ஆங்கிலத்தில் கடைசி மெய் இப்படி மாறுவதில்லை, தூரத்து ரஷ்ய மொழியில் மாறுகிறது. வாய் வேலை செய்யும் விதம் அப்படி, அதனால் மொழிகள் தனித்தனியாக இதே வழிக்கு வருகின்றன. ஆனாலும் சந்தி படித்தவருக்கு இது உடனே பிடிபடும். கூட்டுச்சொற்களும் அப்படியே. சிவந்த நெஞ்சுள்ள ஒரு குருவிக்கு டச்சில் 'செந்நெஞ்சு' என்று பெயர். சமஸ்கிருதத்தில் பஹுவ்ரீஹி, நமக்கு அன்மொழித்தொகை.

இதற்கு மேல் சமஸ்கிருதத்தை நம்பிப் போகாதீர்கள். எட்டு வேற்றுமை, இருமை, நூற்றுக்கணக்கான வினை வடிவங்கள் என்று நீங்கள் உருப்போட்ட எதுவும் டச்சில் கிட்டத்தட்ட இல்லை. பேச்சில் எப்போதோ செத்துப்போன வேற்றுமை உருபுகளை எழுத்திலிருந்தும் 1947 எழுத்துச் சீர்திருத்தம் நீக்கிவிட்டது. 'காலையில்' என்பதற்கான ஸ்மோர்கன்ஸ் போன்ற சில உறைந்த தொடர்களில் மட்டும் பழைய ஆறாம் வேற்றுமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு நிஜமான துணை ஆங்கிலம், சொற்களில் பாதியை அதுவே ஊகித்துத் தரும். அப்புறம் தமிழ். டச்சில் தனி வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில் நிற்கும். ஆனால் வாக்கியத்துக்குள் வாக்கியம் வந்தால் உள்ளே இருப்பதன் வினை கடைசிக்குப் போய்விடும்: 'அவன் புத்தகம் படிக்கிறான் என்று தெரியும்' என்பதை 'தெரியும், என்று, அவன் புத்தகம் படிக்கிறான்' என்ற வரிசையில் சொல்வார்கள். ஆங்கிலேயர்கள் இதில் திணறுவார்கள், உள் வாக்கியம் நமக்குப் பழக்கமான வரிசையிலேயே வருகிறது.

ஒரு கடைசி எச்சரிக்கை. டச்சில் பெயர்ச்சொற்களுக்கு டெ, ஹெட் என்று இரண்டு சுட்டுகள் உண்டு, ஹெட் வருபவை பழைய நபும்சகச் சொற்கள், அதாவது ஆண்பாலும் பெண்பாலும் அல்லாதவை. சமஸ்கிருத லிங்கத்தை வைத்து ஊகிக்கலாமே என்று தோன்றும். நுகத்துக்கும் இதயத்துக்கும் அது சரியாக வரும், இரண்டு மொழியிலும் நபும்சகம். நாமத்துக்கும் முழங்காலுக்கும் தவறிவிடும், சமஸ்கிருதத்தில் நபும்சகம், டச்சில் டெ. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் அதன் சுட்டோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள், அங்கே இருக்கும் பிள்ளைகளும் அப்படித்தான் கற்கிறார்கள்.